‘மட’ என்றொரு அடைமொழி

கூடலூருக்கு மேலே, தமிழக–கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு நாள், சித்திரா பௌர்ணமியன்று, பக்தர்களுக்காகத் திறக்கிறார்கள். பளியங்குடியிலிருந்து நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் கம்பம் பள்ளத்தாக்கே அன்று மலையேறும். மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோடு மேற்கே நடந்து, 14ஆம் நாள் விண்ணேறிய குன்றம் இதுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் நீதி கேட்டு அவையில் நின்றபோது பாண்டியன் அவளை அழைத்த சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘மடக்கொடி’ என்று அழைத்தான்.

சிலப்பதிகாரம் நடத்தும்போது இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் நின்றுதான் நகரும். கைடுகளில் ‘இளங்கொடி போன்றவளே’ என்று பொருள் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தியாவது கேட்பாள்: “அப்ப மடையன், மடத்தனம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு மேடம்?”

அவள் கேட்பது நியாயம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ‘மடம்’ என்ற சொல்லைப் பாருங்கள். அறியாமை என்பது ஒரு பொருள், அழகு என்பது இன்னொரு பொருள். ஒரே சொல்லுக்குள் இரண்டும் எப்படிக் குடியேறின? தொல்காப்பியம் பெண்ணுக்கு உரியவை என்று அச்சம், நாணம், மடம் மூன்றையும் சொல்கிறது. பயிர்ப்பு பின்னால் வந்து சேர்ந்தது. ஆணுக்குப் பெருமையும் உரனும். உரன் என்றால் வலிமை, அறிவு. ஆக, இலக்கணத்திலேயே ‘மட’வுக்கு எதிர்ச்சொல் ஆணிடம் போய்விட்டது. மடம் என்பது சொல்லிக்கொடுத்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாதிருப்பது என்று உரை மரபு விளக்கியது. தெரிந்தும் தெரியாதது போல இருப்பது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்துகிறது. அதன்படி அறியாமை இருந்தால் மட்டும் போதாது, இல்லாவிட்டால் நடிக்கவும் வேண்டும்.

மான், மயில், அன்னம், நாரை எல்லாவற்றுக்கும் புலவர்கள் ‘மட’வைச் சூட்டினார்கள். யானையில் பிடிக்கு மடம், களிற்றுக்கு மதம்.

ஆண்களுக்கு மடமே கிடையாதா என்றால், உண்டு. அதற்குக் கொடைமடம் என்று பெயர். யாருக்கு, எதற்கு என்று ஆராயாமல் அள்ளிக் கொடுப்பது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் அந்தப் புகழைப் பெற்றவர்கள். கொடையில் மடம் உண்டு, படையில் மடம் இல்லை என்று பேகனைப் பரணர் பாடியிருக்கிறார். ஆணின் மடம் ஒரு செயலோடு முடிந்துவிடும், பெண்ணின் மடம் அவள் இயல்பாகிவிடும். இந்தப் பேகன் நமக்கு அடுத்த பழனி மலைக்காரன். மயில் குளிரில் நடுங்குமே என்று இரங்கியவன், மனைவியைத் தனியே விட்டுவிட்டுப் போனான். அவளோடு சேர்ந்து வாழச் சொல்லிக் கபிலர், பரணர் முதலிய புலவர்கள் பாட வேண்டியிருந்தது. அவள் பெயரும் கண்ணகிதான்.

சொற்கள் இப்படி இடம் மாறுவது தமிழில் மட்டும் நடப்பதல்ல. ஆங்கிலத்து ‘நைஸ்’ லத்தீனில் ‘அறியாத’ என்ற பொருளில் பிறந்த சொல். முட்டாளைக் குறித்துப் பல நூற்றாண்டுகள் அலைந்து, 18ஆம் நூற்றாண்டில் இனிமையாகிவிட்டது. நம்மூரில் அதுவே ‘நைஸா நழுவிட்டான்’ என்று தந்திரமாகிவிட்டது தனிக்கதை.

பாண்டியன் அவைக்கு வருவோம். அவன் மரியாதையாகத்தான் கேட்டான், அவமதிக்கவில்லை. அந்த மரியாதைக்குள்ளேயே, இவளுக்கு என்ன தெரியும் என்ற தீர்ப்பும் இருக்கிறது. அவள் பதிலில் முதலில் விழும் சொல் ‘தேரா’. ஆராயாத மன்னனே என்கிறாள். அவன் தந்த அடைமொழிக்கு ஏறக்குறைய அதே பொருளுள்ள சொல், ஆனால் புகழ்ச்சிப் பூச்சு இல்லாமல். பிறகு புறாவுக்காகத் தன்னைத் தந்த சோழனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் முன்னுதாரணம் காட்டுகிறாள். ஊர், குலம், கணவன் பெயர், தன் பெயர் எல்லாம் வரிசையாக வருகின்றன. கடைசியில் சிலம்பின் பரலைச் சாட்சியாக வைக்கிறாள். மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு விழுந்தான். எனக்குத் தெரிந்து ஓர் அடைமொழி இவ்வளவு சுத்தமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட இடம் தமிழில் வேறில்லை. பாரதி ‘விடுதலை’ பாட்டில் பெண்ணை இழிவு செய்வதையே மடமை என்றது அதற்கு வெகுகாலம் கழித்து.

இன்று பள்ளத்தாக்கில் ‘மட’வைப் புகழ்ச்சியாக யாரும் சொல்வதில்லை. அதன் வேலையை ‘வெள்ளந்தி’, ‘அப்புராணி’, ‘வெவரம் பத்தாத புள்ள’ எல்லாம் பார்க்கின்றன. பெண் பார்க்க வந்தவர்களிடம், “அப்புராணிங்க, ஒண்ணுந் தெரியாது” என்பது சிபாரிசு. மாப்பிள்ளையை ‘வெவரமான ஆளு’ என்றால் பெருமை. அதே சொல்லைப் பெண்ணுக்குச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். “அவ வெவரமானவ, பாத்துக்க.”

ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறும் பெண்கள் இந்தப் பெயர்களையெல்லாம் நன்றாக அறிவார்கள். வாரக் கூலியில் ஒருநாள் விடுபட்டிருந்தால், கணக்குக் கேட்பவள் முதலில் ‘வெவரமானவ’. விடாமல் கேட்டால் ‘ராங்கி’. ஜீப்பில் ஏறாமல் நின்றுகொண்டால் ‘அடங்காப்பிடாரி’. பிடாரி சாமியின் பெயர். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற ஊர்க்காரர்கள்தான் அதை வசவாகச் சொல்கிறார்கள். அந்த மூன்றாவது பெயர் வந்துவிட்டால் விடுபட்ட கூலியும் பின்னாலேயே வந்துவிடும் என்று அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே சொல்லக் கேட்டிருக்கிறேன்.