வழி செய்தவர்கள்

யாத்திரையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நடந்தவரையே பேசுகின்றன. நடந்தவருக்குக் கஞ்சி ஊற்றியவரும், ஓடைக்குக் குறுக்கே கல் அடுக்கியவரும் ஏட்டின் ஓரத்தில் பெயரின்றி நின்றுவிடுவர். ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குச் செல்லும் கிறித்தவ நடைவழி இதற்கு ஓரளவு விலக்கு.

இயேசுவின் சீடரான யாக்கோபின் கல்லறை அங்கிருப்பதாக 9ஆம் நூற்றாண்டில் நம்பிக்கை எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் பிரெனே மலைத்தொடரைக் கடந்து அங்கே நடந்தனர். அவர்களுக்காக அந்நூற்றாண்டில் இலத்தீனில் எழுந்த வழிநூல், 'கலிக்ஸ்தினுஸ் சுவடி' என்னும் தொகுப்பின் ஐந்தாம் பகுதியாக அமைந்துள்ளது. எய்மெரிக் பிக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதாகப் பலர் கருதும் அதனைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஆற்றுப்படை நூல்கள் நினைவுக்கு வராமல் போகா. எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எவ்வூரில் என்ன கிடைக்கும், எவரை நம்பலாகாது என்றெல்லாம் முன்சென்றவர் பின்வருவோர்க்குச் சொல்கிறார். ஒரே வேறுபாடு, பாணனை ஆற்றுப்படுத்தியவருக்கு இருந்த நயம் இவருக்கு இல்லை. திட்டவேண்டிய இடத்தில் நன்றாகவே திட்டுகிறார்.

அவருடைய சினம் பெரிதும் பாய்வது ஓடக்காரர்கள்மீது. ஒற்றை மரத்தைக் குடைந்த சிறு படகில் அளவுக்கு மீறி ஆளேற்றி, கவிழ்ந்ததும் மூழ்கியோர் உடைமையைப் பறித்து மகிழ்ந்தனராம். நவார்ரா மக்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் வெறுப்பே மிகுதி. அவற்றை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நீரைக் கடக்கும் இடத்தில் வழிப்போக்கர் பிறர் கையில் சிக்கியிருந்தார் என்பது விளங்குகிறது. பாலம் ஏன் அறமாயிற்று என்பதும் இங்கேதான் விளங்குகிறது. பாலம் கூலி பேரம் பேசுவதில்லை. கட்டியவர் இறந்த பின்னும் ஆளைக் கரையேற்றும்.

அதே நூல், சாலையையும் பாலத்தையும் செப்பனிட்ட சிலரைப் பெயர் சொல்லி வேண்டுகிறது. மிஞ்ஞோ ஆற்றின்மேல் ஊர்ராக்கா அரசி இடித்த பாலத்தைத் திரும்பக் கட்டிய பேதுரு அவர்களுள் ஒருவர். அரசியோடு ஒரு கொத்தனாரும் ஏட்டில் ஏறிய அரிய இடம் அது.

இவ்வரிசையில் பெரும்புகழ் பெற்றவர் 1109இல் மறைந்த தோமிங்கோ. மடங்கள் அவரைத் துறவியாக ஏற்க மறுத்தன என்பது மரபு. அவர் ஓஹா ஆற்றங்கரைக் காட்டைத் திருத்திச் சாலை போட்டார். பாலமும் விடுதியும் எழுப்பினார். அங்கு வளர்ந்த ஊரின் பெயர் சாந்தோ தோமிங்கோ தெ லா கால்சாதா. 'கால்சாதா' என்றால் பாவிய சாலை. அவருடைய சீடர் ஹுவானும் பாலங்கள் கட்டினார். கள்வர் பயம் மிகுந்த ஓக்கா மலைக்காட்டில் விடுதி அமைத்தார்.

பிரெனேயின் அடிவாரத்தில் ரொன்செஸ்வாயெஸ் விடுதியும் அதே 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதைப் போற்றும் இலத்தீன் பாட்டொன்று, வேற்றுச் சமயத்தாருக்கும் அங்கே இடமுண்டு எனப் பெருமையாகச் சொல்கிறது. மதப்போர்கள் நடந்த காலம் அது என்பதை மறவாமல் இச்செய்தியைப் படிக்க வேண்டும்.

16ஆம் நூற்றாண்டிலிருந்து வழி தளர்ந்தது. கொம்போஸ்தெலாவில் அரச தம்பதியர் யாத்திரிகருக்கெனத் தொடங்கிய பெரிய மருத்துவ விடுதி 1954 முதல் ஆடம்பர விடுதி.

வழியை மீட்டவருள் முதன்மையானவர் ஓ செப்ரெய்ரோ என்னும் மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலிஞ்ஞா. அவ்வழியின் வரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வேட்டோடு நின்றுவிடாமல், 1984இல் சாலைப்பணியில் மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தை வாங்கி, மரத்திலும் கல்லிலும் சுவரிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே போனார். பிரெனே அருகே காவலர் மறித்தபோது, பிரான்சிலிருந்து பெரும் படையெடுப்புக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் 1989இல் மறைந்தார். ஆண்டுக்குச் சில நூறு பேராக இருந்த கூட்டம் 2024இல் ஐந்து லட்சத்தை நெருங்கியது.

கூட்டத்தோடு வணிகமும் வந்தது. பையைச் சுமந்து அடுத்த ஊரில் சேர்க்க நிறுவனங்கள் உண்டு. படுக்கைக்கு முன்பதிவும் உண்டு. இதனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முழங்கால் வலிப்பவருக்கு அதுவும் உதவியே. ஆனால் ஓடக்காரருக்கும் பாலத்துக்கும் இடையிலான பழைய வழக்கு இன்னும் தீரவில்லை.

தோமிங்கோவின் ஊருக்கு மேற்கே, ஏறத்தாழ இரண்டு மணிநேர நடையில் கிரஞ்ஞோன் என்ற சிற்றூர். தேவாலயக் கோபுரத்தை ஒட்டிய விடுதியில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கலாம். இரவு உணவை எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்பர். விடுதியைக் கவனிப்போர் ஊதியமின்றி வந்து தங்கும் தொண்டர்கள்; அவர்களிற் பலர் முன்பு அவ்வழியே நடந்தவர்கள். காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கும். இயன்றவர் போடலாம், தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ளலாம்.