அளவுகோலுக்கு வெளியே பழவேற்காட்டு முதியோர்

உணவின் தரத்தை அளக்க ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வகுத்த பன்மைக் குறியீடு, முந்தைய 24 மணி நேரத்தில் 10 உணவு வகைகளுள் ஐந்தேனும் உண்ணப்பட்டனவா என்று கேட்கிறது. அது 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுக்கானது. தேசியக் குடும்பநல ஆய்வும் (2019–21) வயதுவந்தோரின் உணவைப் பதிகையில் பெண்களை 49 வயதோடும் ஆண்களை 54 வயதோடும் நிறுத்திவிட்டது. 60 வயதைக் கடந்தோர் இவ்விரண்டிலும் இல்லை.

பழவேற்காட்டில் இவ்விடைவெளி சாதியோடு பிணைந்தது. ஏரியின் மீன்பிடி இடங்களைச் சுழற்சியில் பங்கிடும் ‘பாடு’ முறைக்கு வெளியே நிற்பவர்கள் தலித்துகளும் இருளர்களும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் ஒருவர் முதுமையில் நீரில் இறங்க இயலாதபோது, வருமானமும் மீனுணவும் ஒருசேரக் குறைகின்றன. எனவே முதியோர் உணவை அளக்கும் ஆய்வு, வயதோடு சாதியையும் பாடு உரிமையையும் பதிய வேண்டும். மாவட்டச் சராசரி இந்தப் பசியைக் காட்டாது.