பாமா

பாமா (பிறப்பு 1958) தமிழ் நாவலாசிரியை. தலித் இலக்கிய முன்னோடிகளுள் ஒருவர். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வடபால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்துள்ள புதுப்பட்டியே இவருடைய ஜன்மபூமி. இயற்பெயர் பாஸ்டினா மேரி பாத்திமா ராணி. விமர்சகரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமன் இவருடைய தமையனார்.

பட்டம் பெற்று ஆசிரியையாகப் பணிபுரிந்த பாமா, ஏழைச் சிறார்க்குத் தொண்டு செய்யும் ஆவலால் கத்தோலிக்கக் கன்னியர் மடம் புகுந்து, அங்கும் சாதிபேதம் நிலவுவதையும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கல்வி முதன்மையாக வழங்கப்படுவதையும் கண்டு மனம் நொந்து, ஏழாண்டுகளுக்குப் பின் துறவறத்தைக் கைவிட்டு வெளியேறினார். வேலையின்றி நின்ற அந்நாளில், பால்யகால நினைவுகளைத் திரட்டி எழுதிய சுயசரித்திர நாவலே ‘கருக்கு’ (1992).

பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம்போல் அமைந்திருக்கும் பற்களுக்குக் கருக்கு என்று பெயர். விறகு பொறுக்கச் சென்ற சிறுமியின் மேனியைக் கீறிய அதுவே நூலின் நாமமாயிற்று. தம் தெருப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று நிலக்கிழாரிடம் பணிந்து நீட்டுவதைக் கண்டு நகைத்த சிறுமி, தீட்டு என்பதன் பொருளைத் தமையன் விளக்கக் கேட்டதும் நகைப்பு அடங்கிக் கொதித்தெழும் கட்டம், வாசகர் நெஞ்சை விட்டு அகலாதது.

இலக்கண சுத்தமான நடையை விலக்கி, தம் தெருவின் பேச்சு மொழியிலேயே, வசவுச் சொற்களையும் மறைக்காமல் எழுதியதனால் பண்டிதர் பலர் முகஞ்சுளித்தனர். அதனினும் வேதனை தந்தது, ஊர் இரகசியங்களை அம்பலமாக்கினார் என்று சொந்த ஊராரே வெகுண்டு, சில மாதங்கள் அவரை ஊருக்குள் நுழையவிடாமல் தடுத்ததாகும். பின்னர்ப் படித்த இளைஞர் நூலின் நோக்கத்தை எடுத்துரைக்க, அவ்வூராரே அதைத் தம்முடையதாக ஏற்றனர்.

தலித் பெண்களின் உழைப்பையும் துயரையும் வாய்த்துடுக்கையும் கூறும் ‘சங்கதி’ (1994), ‘கிசும்புக்காரன்’ (1996) சிறுகதைத் தொகுதி, ஒடுக்கப்பட்ட இரு சமூகத்தார் தமக்குள் மோதி அழியும் அவலத்தைச் சித்திரிக்கும் ‘வன்மம்’ (2002) ஆகியன பிற படைப்புகள். உத்திரமேரூர் வட்டாரத்தில் நெடுங்காலம் ஆசிரியையாகவும் தொண்டாற்றினார்.

லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ 2000ஆம் ஆண்டின் கிராஸ்வேர்ட் பரிசு பெற்றது. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்தினின்று ‘சங்கதி’யை நீக்கியபோது எழுத்தாளர் பலர் கண்டித்தனர். 2024இல் தமிழ்நாடு அரசு பாமாவுக்கு ஔவையார் விருது அளித்தது. ஏட்டில் ஏறத் தகாதது என ஒதுக்கப்பட்ட ஒரு தெருவின் பேச்சு, இன்று பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது. அந்தத் தெருவாரின் மானத்தை அது உலகறியச் செய்துவிட்டது.