கோப்பில் ஏறாத வலி

வலங்கைமான் என்றால் பாடைக்காவடியைப் பற்றிக் கேட்பார்கள். சீனிவாச சாஸ்திரியைக் கேட்பவர்கள் குறைவு. 1869-இல் இந்த ஊரில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர், பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1914-இல் சென்னைச் சட்டசபையில் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெண் வயதுக்கு வந்த பிறகு நடக்கும் கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்பதுதான் அதன் சாரம்.

இதில் என்ன இருக்கு என்று தோன்றலாம். அன்றைய பிராமணக் குடும்பங்களில் பெண் வயதுக்கு வருவதற்குள் கட்டிக்கொடுத்தாக வேண்டும். முதல் தீட்டு என்பது உடம்பில் நடக்கும் விஷயமாக இல்லை, கெடு தேதியாக இருந்தது. எதிர்ப்பு வலுத்து மசோதா நிறைவேறவில்லை.

அதே கெடு படிப்புக்கும் இருந்தது. புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நின்றார். வீட்டில் படித்து, எதிர்ப்பை மீறி மன்னர் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சென்னையில் டாக்டரானார். 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. கெடு தேதி மெல்லத் தள்ளிப்போனது. பெண்கள் கல்லூரிக்குள் வந்தார்கள்.

தேதிக்குப் பிறகு அரசுக் கோப்பில் ஏறியது எண்ணிக்கை. 2011-இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டம், 10 முதல் 19 வயது வரையிலான கிராமத்துப் பெண்களுக்கு வருடம் 18 பாக்கெட் நாப்கின் இலவசமாகத் தந்தது. பாக்கெட்டுக்கு 6. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்க: மாதத்துக்கு 9. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால், 5 நாளுக்கு 20 வேண்டும். அதுவும் 19 வயதோடு முடிகிறது. காலேஜ் மூன்றாம் வருஷத்துக்குள் பெரும்பாலான பெண்களுக்கு 20 ஆகிவிடுகிறதே!

வலிக்கு இன்னும் கோப்பே இல்லை. கர்ப்பப்பையை இறுக்குவது புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். அதைக் குறைக்கும் மாத்திரைகள் பல காலமாக இருக்கின்றன. என் அக்கா காலேஜ் போன நாட்களில் வீட்டில் கேட்ட பதில் வேறு: "மாத்திரை போட்டா நாளைக்குப் புள்ள பொறக்காது. பொறுத்துக்கடி." மாதாமாதம் எழ முடியாத அளவுக்கு வலித்தால், அதற்குப் பின்னால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் இருக்கலாம். பொறுத்துக்கொண்டால் வருஷங்கள்தான் போகும், நோய் தெரியவராது.

2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 2 சதவீதம் சலுகை தந்தது. 75 சதவீதம் என்பது 73 ஆனது. ரொம்பச் சின்ன எண்தான். ஆனால் 'இந்த நாட்களில் வலிக்கும்' என்பதை ஒரு பல்கலைக்கழகம் விதியாகவே எழுதிக்கொடுத்திருக்கிறது.

கும்பகோணத்துக்கு பஸ் ஏறும் வலங்கைமான் பெண்ணிடம் இன்று யாரும் கல்யாணத் தேதி கேட்டுப் படிப்பை நிறுத்துவது அரிது. அவளுக்கு வேண்டியது தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை, கூச்சமில்லாமல் கேட்க ஒரு டாக்டர், வலிக்குதுன்னு சொன்னால் நம்புகிற ஒரு டிபார்ட்மெண்ட். சாஸ்திரிக்கு ஒரு சட்டசபை தேவைப்பட்டது. இதற்கு ஒரு கல்லூரி முதல்வரின் கையெழுத்தே போதும்.