துணிச் சிறகும் துணிக் கொடியும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் திருத்தக்கதேவர் மயிற்பொறி ஒன்றைப் பறக்கவிடுகிறார். சச்சந்தன் பணிக்க, கைவல்லான் ஒருவன் அதனைச் செய்து முடிக்கிறான்; அரசி விசயை அதை இயக்கப் பழகுகிறாள். கருவுற்ற அவள் அப்பொறியோடு சுடுகாட்டில் இறங்கும் அவலத்திலேயே கற்போர் மனம் தோய்ந்துவிடுவதால், பொறி எவற்றால் ஆயது என்று தேவர் கூறும் இடம் பெரும்பாலும் கவனம் பெறுவதில்லை. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு என்பனவே அவர் சுட்டும் பொருள்கள். இதைக் கொண்டு பழந்தமிழர் விமானம் ஓட்டினர் என்று வாதிடுவது பொருந்தாது. எனினும் பறப்பதற்கு எடை குறைந்த பொருளே ஏற்றது என்பதை அக்கவியுள்ளம் உணர்ந்திருந்தது. நூலோடு வாழும் திருப்பூர் மண்ணின் வாசகர்க்கு அது வியப்பளிக்காது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்துச் சிறு விமானங்களும் பெரும்பாலும் துணியால் ஆனவையே. இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனத்தார் செய்த ‘ஜிப்ஸி மாத்’, ‘புஸ் மாத்’ என்னும் ஊர்திகளின் இறக்கைகள் மரச்சட்டத்தின்மீது துணி போர்த்தித் தைத்தவை. மேலே ஒருவகைக் குழம்பைப் பூசுவர். காயக் காயத் துணி முரசின் தோல்போல் விறைத்து நிற்கும். இத்தகைய துணிச் சிறகுகளை நம்பியே தனிமனிதர் சிலர் நாடு கடந்து பறந்தனர்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு தருவதாக ஆகா கான் அறிவித்திருந்தார். 1930-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பதினேழு வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபூக்கிர் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் ஆஸ்பி அங்குத் தவித்து நின்றார். போட்டியாளர் என்றும் பாராமல் தம்மிடம் மிகுதியாக இருந்ததை டாட்டா கொடுத்துதவினார். ஆஸ்பியே பரிசை வென்றார்; பின்னாளில், 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படைத் தலைவராகவும் விளங்கினார். பந்தயத்தில் தோற்றவரின் பெருமை இங்கு வென்றவரின் பெருமைக்கு ஒரு படி மேலானதே.

இரண்டாண்டுகள் கழிந்து, 1932 அக்டோபர் 15 அன்று, டாட்டா மீண்டும் கராச்சியிலிருந்து எழுந்தார். இம்முறை புஸ் மாத் விமானத்தில் இருந்தவை கடிதங்கள். இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் இலண்டனிலிருந்து கராச்சி வரை கொணர்ந்த அஞ்சலை அவர் பம்பாய்க்கு ஏந்தி வந்தார். வழியில் அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. வானை அளந்த ஊர்திக்கும் உணவு கொணர்ந்தவை எருதுகளே! பம்பாயில் அஞ்சலை ஏற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். இத்திட்டத்தை முதலில் டாட்டாவிடம் எடுத்துரைத்தவரும் அவரே. வரலாறு கராச்சி – பம்பாய்ப் பகுதியைக் கொண்டாடுகிறது. தமிழகத்தை எட்டிய பிற்பகுதியையும், 1942-இல் போர்க்காலப் பயணத்தில் வானிலேயே மறைந்த வின்சென்டையும் ஏனோ பேசுவதில்லை.

அரசு மானியம் இன்றித் தொடங்கிய இப்பணியே பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. ஆயினும் அன்று அவ்விமானம் சுமந்தது பேரரசின் அஞ்சல். 1932 என்றதும் திருப்பூரார் நெஞ்சில் எழுவதோ வேறொரு நாள்.

அவ்வாண்டு ஜனவரி 10 அன்று சட்டமறுப்பு ஊர்வலத்தில் தேசியக் கொடி ஏந்திச் சென்ற குமரன், காவலரின் தடியடியில் மண்டை பிளந்து வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். அவர் நெசவாளர் குடும்பத்தில் சென்னிமலையில் பிறந்தவர்; பிறந்த ஆண்டு 1904. பாரிஸ் நகரில் செல்வக் குடியில் டாட்டா பிறந்ததும் அதே ஆண்டே. ஒரே அகவையினரான இருவருள் ஒருவர், துணிச் சிறகை நம்பி ஆளுவோரின் கடிதங்களை ஏந்தினார். மற்றவர் ஆளுவோர் பொறாத ஒரு துணியைக் கைவிட மறுத்தார். டாட்டாவின் துணிவைக் குறைத்து மதிப்பிட இதனைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அமைத்த வழி விடுதலை பெற்ற நாட்டுக்கும் பயன்பட்டது. ஆனால் அவ்வழி யாருக்காக முதலில் திறந்தது என்பதை, விமான வரலாற்றை விரித்துரைப்போர் ஒரு வரியிலேனும் குறித்தல் வேண்டும். குமரன் வீழ்ந்த ஊரினர்க்கு அவ்வரி இல்லாத வரலாறு குறையுடையதே.

1982 அக்டோபர் 15 அன்று, பொன்விழா நினைவாக, 78 வயதில் டாட்டா மீண்டும் ஒரு சிறு விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். 1993-இல் அவர் மறைந்தார். இந்திய அஞ்சல் துறை 1994-இல் டாட்டாவுக்கும், 2004-இல் குமரனுக்கும் தபால்தலை வெளியிட்டது.