பழைய நான்கு சக்கர இயக்க டிரக்குகளின் ஆக்சில்கள்

பழைய நான்கு சக்கர இயக்க டிரக்குகளில் முன்னும் பின்னும் வண்டியின் குறுக்கே ஒரே கட்டாகப் பொருத்தப்பட்டிருப்பது திட ஆக்சில். வண்டியின் எடையைத் தாங்குவதும், நீளவாக்கில் வரும் இன்ஜினின் முறுக்குவிசையைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. வெளியே ஹவுசிங், உள்ளே பினியன் என்ற சிறு பல்சக்கரம், அது சுழற்றும் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், இரு பக்கத்துக்கும் முறுக்கைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், இரண்டு ஷாஃப்ட்டுகள், முனைகளில் ஹப்புகள். 1941-இல் போர்க்களத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்பிலிருந்து 1980களின் இறுதி வரை அமெரிக்காவில் ஓடிய இத்தகைய டிரக்குகளில் பெரும்பாலானவை, வண்டியின் முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், சில குறிப்பிட்ட வகை ஆக்சில்களையே சுமந்தன.

அவற்றில் முதன்மையானவை டேனா வகைகள். கிளாரன்ஸ் ஸ்பைசர் 1904-இல் தொடங்கிய நிறுவனம், 1914-இல் சார்லஸ் டேனா வந்து சேர்ந்த பின் வளர்ந்து, 1946-இல் அவர் பெயரையே ஏற்றது. ஃபோர்டு, டாட்ஜ், ஷெவர்லே, ஜீப், இன்டர்நேஷனல் ஆகிய எல்லாமே அதனிடம் ஆக்சில் வாங்கின. டேனா 30, 44, 60, 70 என்று எண் கூடக் கூட உருவும் பெருக்கிறது. டேனா 44-இன் கிரௌன் வீல் 8.5 அங்குலம், டேனா 60-இல் 9.75 அங்குலம், டேனா 70-இல் 10.5 அங்குலம். இதனால்தான் எண்ணைச் சொன்னாலே வலிமை தெரிந்துவிடும் என்ற எண்ணம் பரவியது. அது பாதி உண்மைதான். ஆக்சிலின் வலிமை, அதற்குள் எந்த உறுப்பு எந்தச் சுமையைச் சுமக்கிறது என்பதில் இருக்கிறது.

செமி ஃப்ளோட்டிங், ஃபுல் ஃப்ளோட்டிங்

பின் ஆக்சில்களை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான். செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் சக்கரம் நேரடியாக ஷாஃப்ட்டின் முனையில் பூட்டப்படுகிறது. ஆகவே அந்த ஒரே ஷாஃப்ட் முறுக்கையும் தாங்க வேண்டும், வண்டி எடையால் வரும் வளைவையும் தாங்க வேண்டும். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஹவுசிங்கின் முனையில் ஸ்பிண்டில் இருக்கிறது. அதன்மேல் இரண்டு பேரிங்குகளில் ஹப் அமர்கிறது. எடை முழுவதும் ஹவுசிங்குக்குப் போய்விடுவதால் ஷாஃப்ட்டுக்கு முறுக்குவது மட்டுமே வேலை. அது முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். ஜாக்கி வைக்காமலே முனை போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்ட்டை வெளியே இழுத்துவிடலாம்.

அரை டன் வகுப்பு டிரக்குகளுக்குப் பெரும்பாலும் செமி ஃப்ளோட்டிங்கும், முக்கால் டன், ஒரு டன் வகுப்புகளுக்கு ஃபுல் ஃப்ளோட்டிங்கும் வந்தன. சக்கரத்துக்கு எட்டு போல்ட் இருந்தால் பெரும்பாலும் பின்னது. செமி ஃப்ளோட்டிங்கிலேயே ஆபத்து மிகுந்தது, டிஃபரன்ஷியலுக்குள் சி வடிவக் கிளிப் ஒன்றால் ஷாஃப்ட்டைப் பிடித்துவைக்கும் அமைப்பு. ஹவுசிங் மூடியின் போல்ட் எண்ணிக்கையால் பெயர் பெற்ற ஷெவர்லேயின் 10 போல்ட், 12 போல்ட் பின் ஆக்சில்களும், பிற்கால ஜீப்புகளின் டேனா 35-உம் அப்படிப்பட்டவை. அவற்றில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே நழுவி வரலாம். வேகத்தில் போகும் வண்டிக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் கனரக டிரக்குகளுக்குக் கொடுத்த 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், இந்த வகுப்பின் மிகச் சிறந்த பின் ஆக்சில் என்று தயங்காமல் சொல்லலாம். கிரௌன் வீல் 10.5 அங்குலம். பினியனின் பல் தலைக்கு முன்னாலும் ஒரு பேரிங் இருப்பதால், அழுத்தம் ஏறும்போது பினியன் விலகிப் போவதில்லை. 1957 முதல் 1986 வரை வந்த ஃபோர்டு 9 அங்குல ஆக்சிலிலும் இந்த மூன்றாவது பேரிங் உண்டு. அதன் பெயர் நிலைத்ததற்கு அது முக்கியக் காரணம். 14 போல்ட்டின் குறை அதன் பருத்த வயிறு: பாறைகளில் முதலில் இடிப்பது அதுதான். இதே 14 போல்ட் பெயரில் 9.5 அங்குலச் செமி ஃப்ளோட்டிங் ஆக்சில் ஒன்றும் பிறகு வந்தது. போல்ட்டை மட்டும் எண்ணி வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான்.

ஷாஃப்ட்டின் தடிமன்

உருளையான ஷாஃப்ட்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஷாஃப்ட்டின் முனையில் வெட்டப்பட்ட பல்வரிகளே ஸ்ப்லைன். டேனா 44-இன் 30 ஸ்ப்லைன் ஷாஃப்ட்டின் விட்டம் 1.31 அங்குலம், டேனா 60-இன் 35 ஸ்ப்லைன் ஷாஃப்ட் 1.5 அங்குலம். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே எஃகில் செய்திருந்தால் வலிமையில் வேறுபாடு ஏறத்தாழ 50 சதவீதம்.

ஸ்ப்லைன் எண்ணிக்கையை மட்டும் நம்பவும் முடியாது. 14 போல்ட்டின் ஷாஃப்ட்டுக்கும் 30 ஸ்ப்லைன்தான், ஆனால் அது டேனா 44-இன் ஷாஃப்ட்டைவிட நன்றாகத் தடித்தது. டேனா 44 என்ற ஒரே பெயரிலேயே பழைய ஜீப்புகளில் 10 ஸ்ப்லைனும், பிறகு 19-உம், பிறகு 30-உம் வந்தன. டேனா 60 பின் ஆக்சில்கள் பலவற்றில் 1.31 அங்குல ஷாஃப்ட்டே இருந்தது.

பெயரும் அளவும் எவ்வளவு தவறாக வழிகாட்டும் என்பதற்கு 1976 முதல் 1986 வரை ஜீப் சிஜே வண்டிகளில் வந்த ஏஎம்சி 20 நல்ல சான்று. அதன் கிரௌன் வீல் 8.875 அங்குலம், டேனா 44-ஐவிடப் பெரியது. பற்கள் எளிதில் உடைவதில்லை. ஆனால் ஷாஃப்ட்டும் ஹப்பும் தனித்தனித் துண்டுகள். கூம்பு முனையில் ஒரு சாவியும் நட்டும்தான் இரண்டையும் இணைக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் ஷாஃப்ட் சுற்றும், சக்கரம் நிற்கும். ஹவுசிங் குழாய்களும் மெலிந்தவை. கடும் உழைப்பில் நடுவார்ப்புக்குள் திருகிக்கொள்ளும். ஒரே துண்டு ஷாஃப்ட் போட்டு, குழாய்களை வெல்டிங் செய்து வலுப்படுத்தினால் அதே ஆக்சில் நம்பகமாக உழைக்கிறது.

சுமை எங்கிருந்து வருகிறது

1970களின் ஷெவர்லே நான்கு சக்கர டிரக்குகள் பலவற்றில் எஸ்எம்465 கியர்பாக்ஸும், முன்பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் என்பி205 டிரான்ஸ்ஃபர் கேஸும் இருந்தன. முதல் கியர் 6.55, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 1.96, ஆக்சில் விகிதம் 4.10. மூன்றையும் பெருக்கினால் இன்ஜினின் முறுக்கு 52 மடங்குக்கு மேல் பெருகுகிறது. சமதரையில் டயர் வழுக்கிவிடுவதால் இந்த விசை முழுவதும் ஷாஃப்ட்டுக்கு வருவதில்லை. டயர் பாறை இடுக்கில் சிக்கும்போதுதான் வருகிறது. டயர் உயரமானால் பிடிப்பும் நெம்புகோல் நீளமும் கூடுகின்றன. 31 அங்குல டயரில் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆக்சில், 37 அங்குல டயரில் ஒரே நாளில் முறிவது இதனால்தான்.

உயர் டயருக்காக ஆக்சில் விகிதத்தை மாற்றுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3.54 விகிதத்தில் பினியனுக்கு 13 பற்கள், கிரௌன் வீலுக்கு 46. 4.56-இல் பினியனுக்கு 9 பற்கள், கிரௌன் வீலுக்கு 41. விகிதம் ஏற ஏறப் பினியனின் தலை சிறுக்கிறது, பல்லின் வலிமையும் குறைகிறது.

முன் ஆக்சில்

முன் ஆக்சிலுக்குத் திரும்பும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. உள் ஷாஃப்ட்டையும் சக்கரப் பக்கத்து வெளித் துண்டையும் இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது மிகப் பலவீனமாகிறது. முன் ஆக்சில்கள் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் உடைகின்றன: ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள கிராஸ் உடையும், அல்லது அதைப் பிடிக்கும் காதுகள் பிளக்கும். டொயோட்டா 1985 வரை அமெரிக்காவில் திட முன் ஆக்சிலோடு விற்ற ஹைலக்ஸ் டிரக்குகளில் இதற்குப் பதிலாகக் குண்டுகள் உருளும் பர்ஃபீல்டு ஜாயிண்ட் இருந்தது. 8 அங்குலக் கிரௌன் வீலோடு அந்த ஆக்சில் தன் உருவை மீறி உழைத்தது.

பினியன் அமரும் உயரமும் முக்கியம். சாதாரண ஆக்சிலை முன்னால் வைத்தால், வண்டி முன்னே போகும்போது பற்களின் பலவீனமான பக்கம் சுமையை ஏற்கிறது. 1970களின் பின்பகுதியில் ஃபோர்டு டிரக்குகளுக்கு வந்த உயர் பினியன் டேனா 44-இல் பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால் வலுவான பக்கமே வேலை செய்கிறது. டிரைவ் ஷாஃப்ட்டும் தரையிலிருந்து உயர்கிறது.

ஒரு டன் டிரக்குகளில் வந்த டேனா 60 முன் ஆக்சில் இவை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. ஷெவர்லேயில் 1977 முதல் 1991 வரை வந்ததில், சக்கரம் திரும்பும் முனையில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதிலாகக் கிங் பின் இருந்தது. அது நீண்ட காலம் உழைக்கும், பழுது பார்ப்பதும் எளிது. இதிலும் பலவற்றில் உள் ஷாஃப்ட் 35 ஸ்ப்லைன், வெளித் துண்டு 30 ஸ்ப்லைன்.

33 அங்குல டயருக்கு, 30 ஸ்ப்லைன் ஷாஃப்ட்டுகள் உள்ள நல்ல நிலை டேனா 44 போதும். 35 அங்குலம் அதன் எல்லை. அதற்கு மேல் முன்னால் டேனா 60, பின்னால் 14 போல்ட் ஃபுல் ஃப்ளோட்டிங் என்ற சேர்க்கையே தகும். பழைய ஆக்சிலை வாங்குவோர் பெயரை நம்பாமல், டேனா வகைகளின் ஹவுசிங் குழாயில் பொறித்திருக்கும் பாக எண்ணைத் துடைத்துப் படிக்க வேண்டும். ஒரு ஷாஃப்ட்டை வெளியே இழுத்து ஸ்ப்லைனை எண்ணி, விட்டத்தையும் அளந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.