இருநூறின் பிரிவினைகள்

39,72,99,90,29,388. பதின்மூன்று இலக்கம் கொண்ட இந்த எண், 200ஐ முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்ற கேள்விக்கு விடை. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம்; வரிசையை மாற்றி எழுதினால் அது புதிய பிரிவினை ஆகாது. பத்துக்கு 42 பிரிவினைகள். நூறுக்கோ 19,05,69,292.

இருநூறுக்கு விடை கண்டவர் பெர்சி மக்மஹோன். பீரங்கிப் படை அதிகாரி. 1873இல் மதராசுக்குப் பணியில் அனுப்பப்பட்டவர். ஆய்லர் விட்டுச்சென்ற ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றிலிருந்து படிப்படியாக ஏறினார். 200ஐ எட்டும் கடைசிப் படியில் மட்டும் முன்பு கண்ட 22 விடைகளைக் கூட்டியும் கழித்தும் ஆக வேண்டும். நடுவில் ஓர் இலக்கம் பிசகினால் அதற்குமேல் வருவதெல்லாம் பிசகும். அவர் கை பிசகவில்லை.

அதே எண்ணை ராமானுஜனும் ஹார்டியும் கேம்பிரிட்ஜில் வேறு வழியில் நெருங்கினார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் பையும் வர்க்கமூலங்களும் அடுக்குக்குறிச் சார்புகளும் நிறைந்திருக்கின்றன. முழு எண் வரும் என்று நம்ப அதில் எந்த அடையாளமும் இல்லை. முதல் உறுப்பு 39,72,99,89,93,185.896 என்று வருகிறது. விடைக்கு 36,202 சொச்சம் குறைவு. இரண்டாம் உறுப்பு 36,282.978, இப்போது எண்பதுக்கு மேல் கூடிவிட்டது. மூன்றாவது 87.555ஐக் கழிக்கிறது. அடுத்து 5.147, பிறகு 1.424, பிறகு 0.071. ஏழாவது மூன்று தசம இடங்கள் வரை சுழியம். எட்டாவது 0.043. எல்லாம் சேர்ந்து 39,72,99,90,29,388.004.

இந்த .004ஐப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. தேவையான உறுப்புகளை எடுத்துக்கொண்டால் அருகிலுள்ள முழு எண்ணே சரியான விடை என்பதை 1918இல் வெளியான கட்டுரையில் இருவரும் நிறுவினார்கள். ஆனால் அந்தத் தொடரை முடிவின்றி நீட்டினால் அது ஒருங்காது என்று பின்னாளில் லேமர் காட்டினார். 1937இல் ராடமாகர் அதைச் சிறிது திருத்தி, முடிவிலி வரை கூட்டினால் துல்லியமான விடையையே தரும் தொடராக்கினார். ராமானுஜனைப் போற்றும் மலர்கள் மக்மஹோனை ஒரு வரியில் கடந்துபோவது நியாயமில்லை என்பது என் கருத்து. ஒத்துப்பார்க்க அவருடைய எண் இருந்ததால்தானே சூத்திரத்தின் அசாத்தியக் கூர்மை கண்ணெதிரே புலப்பட்டது!

மக்மஹோன் ஒன்றிலிருந்து இருநூறு வரை கண்ட விடைகளின் அட்டவணை ராமானுஜனுக்கு இன்னொன்றையும் கொடுத்தது. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகத் தாண்டிப் போனால் விடைகள் 5, 30, 135, 490 என வருகின்றன. எல்லாமே ஐந்தால் வகுபடும். அது எப்போதும் அப்படித்தான் என்று 1919இல் நிறுவினார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் இதே போன்ற விதிகளையும் கண்டார். நம் 200 இந்த மூன்று வரிசையிலும் இல்லை. அதன் விடை ஐந்தாலோ ஏழாலோ பதினொன்றாலோ வகுபடுவதும் இல்லை. அதற்கு முந்தைய 199 ஐந்தின் வரிசையைச் சேர்ந்தது. அதன் விடை 36,46,07,24,32,125. இருபத்தைந்தாலேயே மீதியின்றி வகுபடுகிறது.